கல்லைக் கண்டவரும் கைவேலையைக் கண்டவரும்

கலியாணம் முடிந்த கையோடு கண்டிக்குப் போகிறவர்களின் பயண நிரல் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். முதல் நாள் மாலை தலதா மாளிகை, வாவியைச் சுற்றி ஒரு நடை. மறுநாள் காலை பேராதனைப் பூங்கா, மாலையில் கண்டிய நடனம். அடுத்த நாள் நுவரெலியாவுக்கு மலைப் புகையிரதம். யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை, ரொறன்ரோ என்று எங்கிருந்து வந்தாலும் தொலைபேசியில் சேரும் படங்களில் பெரிய வித்தியாசம் இருக்காது. நல்ல பயணம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மலைகள் எதனால் ஆனவை, அங்கே நெய்யும் பாயின் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே பெரும்பாலானவர்கள் திரும்பிவிடுகிறார்கள்.

இந்த இரண்டு கேள்விகளையும் கேட்ட ஒரு தம்பதி இருந்தார்கள். 1902 ஜூனில் இங்கிலாந்தில் மணமுடித்து, அடுத்து வந்த ஆண்டுகளை இலங்கையில், அதிலும் கண்டியையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் சுற்றிக் கழித்தவர்கள். கணவர் ஆனந்த குமாரசுவாமி. மனைவி எதல் மேரி பார்ட்ரிட்ஜ்.

ஆனந்த குமாரசுவாமி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது நடராஜர் தத்துவத்தை மேலைநாட்டுக்கு விளக்கிய கலை அறிஞர், பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெரியவர். அவர் படித்துப் பட்டம் பெற்றது புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் என்பதைப் பலர் அறியார். 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசுவாமி. தாய் எலிசபெத் பீபி, ஆங்கிலேயப் பெண்மணி. பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் சர் முத்து தாய்மாமன்; அந்த முறையில் ஆனந்தர் அவர்களுக்கு மைத்துனர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். 1900இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பட்டம். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி லண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்கு முதல் பணிப்பாளர். 25 வயதைக் கடந்திருந்த ஓர் இளைஞரின் கையில் ஒரு தீவு முழுவதன் கல்லும் மண்ணும் ஒப்படைக்கப்பட்டன.

எதல், கணவரைவிட ஐந்து வயது மூத்தவர். டெவன் மாவட்டத்தின் பார்ன்ஸ்டேபிள் ஊரில் 1872இல் பிறந்தவர். ஒளிப்படம் எடுக்கத் தெரிந்தவர். கைவேலைகளில் தீராத ஆர்வம் உள்ளவர். இந்தக் கடைசி விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கு அதுதான் தொடக்கம்.

கண்டிக்குள் நுழைகிறவர் முதலில் சந்திக்கும் பாடநூல் கடுகண்ணாவ ஏற்றம். கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை 1867இல் கண்டியைத் தொட்டது. ரம்புக்கனையைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கி, பலன வழியாக 400 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. 1,000 மீற்றர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்பது கணக்கு. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டி, கொழும்பைவிட மூன்று பாகை குளிர்ச்சியாக இருப்பதன் காரணம் அதுதான். வண்டியின் யன்னல் குளிர் காற்றில் எல்லோரும் பள்ளத்தாக்கின் பக்கமே எட்டிப் பார்ப்பார்கள். மறுபக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், பாதைக்காக வெட்டிய பாறைச் சுவர் நகர்ந்துகொண்டிருக்கும்.

அந்தச் சுவரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வீதி வழியாக வருகிறவர்கள் கடுகண்ணாவயில் பாறையைக் குடைந்து விட்ட பழைய பாதையருகே இறங்கி நின்றே பார்க்கலாம். வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகக் கல் தெரியும். வெளிர்ப் பட்டை குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும். கறுப்புப் பட்டை ஹோர்ன்பிளெண்டும் பயோடைட் மைக்காவும். சில இடங்களில் பட்டைகள் நேராக ஓடும். சில இடங்களில் ரொட்டி மாவை அடித்து மடித்ததுபோல் வளைந்து, மடங்கி, தம் மீதே படிந்திருக்கும். கல் உருகி ஓடினால் பட்டைகள் கலைந்துபோகும். உடைந்தால் வெடிப்பு விடும். மடிந்திருக்கிறது என்றால், உருகாமலும் உடையாமலும் இளகும் அளவுக்கு வெந்திருக்கிறது என்று பொருள். இந்த வகைக் கல்லுக்கு நைஸ் என்று பெயர்.

எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூட்டில் என்பதை இன்று கனிமங்களே சொல்கின்றன. கண்டி மலைகளின் சில கற்களில் குன்றிமணி அளவில் சிவந்த கார்னட் மணிகள் பதிந்திருக்கும். அந்த மணிக்குள் இரும்பும் மக்னீசியமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன, பக்கத்துக் கனிமத்தில் அவை எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், அவை சேர்ந்து உருவானபோது இருந்த வெப்பமும் அழுத்தமும் கிடைக்கும். மத்திய மலைநாட்டின் கற்கள் 25 முதல் 30 கிலோமீற்றர் ஆழத்தில், 800, 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெந்தவை. சில இடங்களில் அதற்கும் மேல். அது நடந்தது 61 கோடி ஆண்டுகளுக்கும் 55 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். மேலே கிடந்த அந்த 25 கிலோமீற்றர் கனத்துப் பாறை முழுவதையும் மழையும் ஆறும் காலப்போக்கில் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோயின. அதனால்தான் ஒரு காலத்தில் பூமியின் ஆழத்தில் இருந்த தளத்தில் நாம் இன்று வெயில் காய்கிறோம்.

அப்படி என்னதான் நடந்தது அந்தக் காலத்தில்? இன்றைய ஆபிரிக்கா, மடகஸ்கார், தென்னிந்தியா, இலங்கை, கிழக்கு அன்டார்ட்டிக்கா ஆகிய நிலங்கள் ஒன்றோடொன்று மோதி கோண்டுவானா என்ற பெருங்கண்டமாகச் சேர்ந்த காலம் அது. மோதலின் நடுவில் மாட்டிக்கொண்ட துண்டுதான் இலங்கை. சென்னை பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள சார்னோக்கைட் என்ற கரும்பச்சைப் பாறைக்கு 1893இல் தாமஸ் ஹாலண்ட் பெயர் சூட்டினார். அதே குடும்பத்துப் பாறைகள் கண்டியிலும் கிடக்கின்றன. குமாரசுவாமியின் தலைமுறை ஆய்வாளர்கள் இந்த ஒற்றுமையைக் கண்டு குறித்து வைத்தார்கள். விளக்கம் அவர்களுக்குக் கிட்டவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்பிரட் வெகனர் சொன்னது 1912இல்தான். உலகம் அதை ஒப்புக்கொள்ள மேலும் அரை நூற்றாண்டு ஆனது. விளக்கம் தெரியாத காலத்திலும் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்த அந்த நேர்மைக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன். பின்னால் வந்தவர்கள் கோண்டுவானாவைப் பொருத்திப் பார்க்கக் கையில் எடுத்தது அப்படிப்பட்ட குறிப்புகளைத்தான்.

கண்டியிலிருந்து தெல்தெனியவுக்குப் போகும் வழியில் திகன வருகிறது. அதன் அருகே அம்பகோட்டே. இந்தப் பக்கம் முழுவதும் மண்ணுக்கடியில் சலவைக்கல் ஓடுகிறது. கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் மேலே சொன்ன சூட்டில் வெந்து, சர்க்கரைக் கட்டிகள் அளவுக்குப் பளபளக்கும் படிகங்களாக மாறியது. மக்னீசியம் மிகுந்திருப்பதால் இதில் பெரும்பகுதியை டொலமைட் என்கிறோம். புதிதாக உடைத்த ஒரு துண்டைக் கையில் எடுத்தால் வெண்மை நடுவே கறுத்த மினுக்கம் தெரியும். அது காரீயச் செதில். விரலால் தேய்த்தால் கறை ஒட்டும். தேன் நிறத்தில் ஏடு ஏடாகப் பிரிவது ஃபுளோகோபைட் மைக்கா. அதிர்ஷ்டமிருந்தால் ஊதா நிறத்தில் ஸ்பினல் புள்ளிகள். வெறும் சுண்ணாம்புக்கல்லில் அமிலம் ஒரு சொட்டு விட்டால் உடனே நுரைக்கும். டொலமைட் அப்படி எளிதில் நுரைக்காது. பொடியாக்கிவிட்டால்தான் மெல்லக் குமிழ் விடும். புவிச்சரிதவியல் மாணவர்கள் இன்றும் சட்டைப்பையில் ஒரு சிறு அமிலக் குப்பியோடு மலையேறுவது இதற்காகத்தான்.

குமாரசுவாமி இலங்கையின் இந்தப் படிகச் சுண்ணாம்புக்கற்களைப் பற்றி 1902இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். சலவைக்கல் தனியாகக் கிடக்கும் இடங்களைவிட, அது வேறொரு பாறையைத் தொடும் எல்லைக் கோடு சுவாரசியமானது. அந்த எல்லையில் ஒரு பக்கத்துக் கல்சியமும் மக்னீசியமும் மறுபக்கத்துச் சிலிக்காவும் அலுமினியமும், இடையில் ஓடிய சூடான நீர்மங்களோடு கலந்து, தனித்தனியாக இரு பாறைகளிலும் உருவாக முடியாத கனிமங்களைத் தோற்றுவிக்கும். அம்பகோட்டே அருகே கங்கபிட்டிய என்ற இடத்தில் அப்படி ஓர் எல்லையில், வான நீலத்தில் ஒரு கனிமம் கிடைத்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஜோர்ஜ் பிரையரும் குமாரசுவாமியும் அதை ஆராய்ந்து 1903இல் புதிய கனிமம் என்று அறிவித்தார்கள். கல்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவற்றோடு போரனும் சேர்ந்த சிக்கலான சேர்மம். செரண்டிபைட் என்று தீவின் பழைய அரபுப் பெயரால் அதை அழைத்தார்கள்.

கண்டிக்கு அரை மணி, முக்கால் மணி பயணத் தூரத்தில் முதன்முதலில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கனிமம், பட்டை தீட்டும் தரத்தில் கிடைக்கும்போது உலகின் மிக அரிய இரத்தினக் கற்களுள் ஒன்றாக இன்று எண்ணப்படுகிறது. இலங்கையில் மிகச் சில கற்களும் பிற்காலத்தில் மியன்மாரின் மொகொக் பகுதியில் சிலவும் கிடைத்திருக்கின்றன.

கண்டிக்கு வெளியே, சபரகமுவவின் பலாங்கொடைப் பக்கம், அவர் கைக்கு வந்த இன்னொரு கல்லின் கதை உலக அறிவியலையே தொட்டது. மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ என்று சொல்லும் சரளை மண்ணைக் கூடையில் இட்டுச் சுழற்றிக் கழுவும்போது, கனமான கற்கள் அடியில் தங்கும். அவற்றில் சிறு சிறு கனசதுரங்களாகக் கறுத்த மணிகள் சில கிடந்தன. இரும்பைவிடக் கனம், நீரைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு. 1904இல் குமாரசுவாமி அதை யுரேனினைட் என்று முதலில் கருதினார். லண்டனில் விண்டம் டன்ஸ்டன் பகுத்தபோது அதில் பெரும்பங்கு தோரியம் ஒக்சைட் என்று தெரிந்தது. தோரியனைட் என்று பெயர் வைத்தார்.

ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டு ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. கதிரியக்கம் உள்ள எந்தக் கல்லுக்கும் ஐரோப்பிய ஆய்வகங்களில் தனி வரவேற்பு. லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்துக்கு வந்திருந்த ஓட்டோ ஹான் என்ற ஜேர்மானிய இளைஞரிடம், இந்த இலங்கைக் கல்லிலிருந்து பிரித்த ரேடியக் கலவையைத் தூய்மைப்படுத்தும் வேலை கொடுக்கப்பட்டது. ரேடியத்தைப் பிரிக்கப் போனவர், எதிர்பாராத வேறொரு கதிரியக்கப் பொருளைக் கண்டார். ரேடியோதோரியம் என்று 1905இல் அறிவித்தார். இன்று அதைத் தோரியம் 228 என்கிறோம். அணுக்கருப் பிளவைக் கண்டதற்காகப் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அதே ஹானின் முதல் பெரிய கண்டுபிடிப்பு இது. கதிரியக்கத் துறைக்குள் அவர் வந்ததற்கு ஒரு காரணம் பலாங்கொடைச் சரளை.

தோரியனைட்டைச் சூடாக்கினால் ஹீலியம் வெளிவரும். ஒரு கிராம் கல்லிலிருந்து ஏறத்தாழ 9 கன சென்ரிமீற்றர் வாயு. தோரியமும் யுரேனியமும் சிதையும்போது வெளிவிடும் அல்பா துகள்கள் கல்லுக்குள்ளேயே ஹீலியமாகச் சேர்ந்துவிடுகின்றன. எவ்வளவு சேர்ந்திருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்று அளந்தால் கல்லின் வயது கிடைக்கும். ரொபர்ட் ஸ்ட்ரட் என்ற இயற்பியலாளர் இப்படிக் கல்லுக்கு வயது கணிக்க முனைந்த முன்னோடிகளில் ஒருவர். அவர் கையாண்ட கற்களில் இலங்கைத் தோரியனைட்டும் உண்டு. ஹீலியம் கசிந்துவிடும் என்பதால் அவருடைய கணக்கு குறைந்தபட்ச வயதையே தந்தது. ஆனாலும் பூமியின் வயதைக் கோடிகளில் எண்ணத் தொடங்கிய காலத்தில் நம் தீவின் கல்லும் ஒரு சாட்சியாக நின்றது.

கனிம ஆய்வாளரின் வேலை, ஊர் ஊராக நடப்பது. வண்டிப் பாதை முடியும் இடத்தில் ஒற்றையடிப் பாதை. அது முடியும் இடத்தில் ஓடை. கல்லைத் தேடி நடந்தவர் கண்டிய கிராமங்களின் உள்முகத்தைக் கண்டார். விகாரைச் சுவர்களின் பழைய ஓவியங்களைச் சுண்ணாம்பு பூசி மறைத்திருந்தார்கள். பித்தளையும் தந்தமும் அரக்கும் கையாண்ட குடும்பங்கள், அரசரும் ஆதரவும் இல்லாமல் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. 1815இல் கண்டி அரசு வீழ்ந்து ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் இந்த நிலை. 1905இல் கண்டியத் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைக் காப்பாற்றச் சொன்னார். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. அவர் அதன் தலைவர்.

ஓர் ஆய்வாளர் கலைக்குத் தாவிவிட்டார் என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கல்லைப் பார்த்த அதே முறையில்தான் அவர் கைவேலையையும் பார்த்தார். எந்த மூலப்பொருள், எங்கே கிடைத்தது, எந்தச் சூட்டில் என்ன ஆகிறது, எந்தக் கருவி, எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பலாங்கொடைப் பகுதியில் மண் உலையில் இரும்பு உருக்கும் பழைய முறையை, அதைக் கையால் செய்யத் தெரிந்த கடைசித் தலைமுறையிடமிருந்து பதிவு செய்தார். அதே பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவயில் பருவக்காற்றைக்கொண்டே இயங்கிய பழங்கால உலைகளைப் பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜூலெப் கண்டு, 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். காற்று வரும் திசை பார்த்துக் கட்டிய அந்த உலைகள் நல்ல தரமான உருக்கைத் தந்தன என்று அதே வடிவில் உலை கட்டிச் சோதித்தும் காட்டினார்.

எதல் இந்தப் பயணங்களில் கூடவே இருந்தார். ஒளிப்படக் கருவி அவர் கையில். பட்டறைகளையும் பாத்திரங்களையும் துணிகளையும் அவர் எடுத்த படங்கள், 1908இல் வெளியான ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலில் இடம்பெற்றன. கண்டியப் பெண்களின் பழைய தையல் வேலையைத் தாமே பயின்று அதைப் பற்றித் தனியாக எழுதினார். நெசவும் சாயமும் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தன.

கணவர் தேடிய கல்லும் மனைவி தேடிய சாயமும் கண்டி மண்ணில் ஒன்றாகச் சேருகின்றன. இந்தச் சேர்க்கையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன்.

திகனவிலிருந்து அதிகத் தொலைவில்லை, குண்டசாலைப் பக்கத்தில் ஹேனவல என்ற கிராமம். தும்பரைப் பாய் அங்கே நெய்யப்படுகிறது. மருள் என்று நாம் சொல்லும் செடியின் நீண்ட இலையைப் பலகையில் வைத்து வழித்தால் வெள்ளை நார் பிரியும். அதைக் காயவைத்து, சாயம் ஏற்றி, தரையோடு அமைந்த தறியில் நெய்கிறார்கள். பூவும் மானும் யானையும் வடிவ வரிகளாகப் பாயில் விழும். இந்தக் கைவினையை 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் உயிர்ப்புள்ள மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

பாயின் சிவப்பு, பதிமுக மரத்தின் வைரத்திலிருந்து வருவது. சிங்களத்தில் பதங்கி. கேரளத்தில் குடிநீரில் போட்டுக் கொதிக்க வைக்கும் அதே மரம். அந்த மரத்தில் இருக்கும் பிரசிலின் என்ற பொருளுக்குத் தனியாகப் பெரிதாக நிறமில்லை. காற்றின் ஒக்சிசனோடு சேர்ந்ததும் சிவக்கும். ஆனால் அந்தச் சிவப்பு, நாரில் தானாக நிற்காது; கழுவினால் போய்விடும். சாயமும் நாரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள நடுவில் ஓர் உலோக அணு வேண்டும். அலுமினியம் அதற்கு மிக ஏற்றது. பருத்திக்குச் சாயம் போடுகிறவர்கள் படிகாரம் சேர்ப்பது அந்த அலுமினியத்துக்காக. பாய்க்காரர்கள் படிகாரத்துக்குப் பதிலாகக் காயா மரத்தின் இலையைப் பதிமுகத்தோடு சேர்த்து வேகவைத்தார்கள். காயாம்பூ என்று நம் புலவர்கள் பாடிய அதே மரக் குடும்பம், சிங்களத்தில் கொரகஹ. தென்னிந்தியப் பாய் நெசவாளருக்கும் இந்தக் கைம்முறை தெரிந்திருந்தது.

இலையில் அலுமினியம் எப்படி வந்தது? மலையில் கிடக்கும் நைஸ் பாறையின் ஃபெல்ட்ஸ்பாரில் அலுமினியம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை அந்தக் கல்லை மக்கச் செய்து களிமண் ஆக்குகிறது. கல்சியமும் பொட்டாசியமும் கரைந்து ஆற்றோடு போய்விட, இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. மலைநாட்டு மண் செம்மண்ணாகவும் புளிப்பாகவும் இருப்பது அதனால்தான். புளித்த மண்ணில் அலுமினியம் கரையத் தொடங்கும். பெரும்பாலான பயிர்களின் வேருக்கு அது நஞ்சு. சில மரங்கள் மட்டும் அதை உறிஞ்சி இலையில் பத்திரமாகக் கட்டி வைக்கும். காயா அவற்றுள் ஒன்று. தேயிலையும் அப்படித்தான், முற்றிய தேயிலையில் அலுமினியம் மிகுதி. கண்டிக்கு அப்பால் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டது வெற்றி பெற்றதற்கு மழையும் உயரமும் காரணம் என்பார்கள். தேயிலை புளித்த மண்ணுக்கு அஞ்சாத செடி என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த மண்ணும் எல்லை மீறிப் புளித்தால் தேயிலைக்கே ஆகாது. கவ்வாத்து வெட்டும் பருவத்தில் தோட்டத்தில் டொலமைட் தூவுவது அதற்காகத்தான். வெள்ளைப் பொடியை மூட்டை மூட்டையாகச் சுமந்து மலையில் வீசும் நம் மலையகத் தொழிலாளர்களுக்கு அதன் பலன் கைகண்டது. இலை பச்சை பிடிக்கும், கொழுந்து துளிர்க்கும் என்பார்கள். பச்சையத்தின் நடுவணு மக்னீசியம். டொலமைட்டில் இருப்பதும் மக்னீசியம். கடலடியில் பிறந்து, 25 கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து, அரிப்பில் வெளிவந்த திகனச் சலவைக்கல் போன்ற கல்தான் பொடியாகித் தேயிலைக் கொழுந்தில் ஏறுகிறது. நாம் காலையில் குடிக்கும் தேநீரில் கோண்டுவானாவுக்கும் பங்குண்டு.

திகனவின் கல், அண்மையில் வேறொரு காரணத்தாலும் செய்தியில் வந்தது. 2020 ஆகஸ்ட் 29 இரவு அந்தப் பகுதியில் நிலம் அதிர்ந்தது. அடுத்த சில மாதங்களில் மேலும் சில சிற்றதிர்வுகள். கற்சுரங்க வெடிப்பா, அருகிலுள்ள விக்டோரியா நீர்த்தேக்கமா என்று மக்கள் முதலில் ஐயப்பட்டார்கள். 1985இல் திறக்கப்பட்ட அந்த 122 மீற்றர் உயர அணை, பழைய தெல்தெனிய நகரை நீருக்குள் மூழ்கடித்தது. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் ஆய்வாளர்கள் அங்கே போய் ஆராய்ந்தார்கள். பெரிய சேதமில்லை. ஆனால் காலடியில் என்ன கல் இருக்கிறது என்று தெரிந்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதைக் கண்டி மக்களுக்கு அந்த இரவு சொல்லிவிட்டது. 1903இல் தொடங்கிய கனிம ஆய்வுப் பணியின் வழித்தோன்றல்தான் இன்றைய பணியகம்.

1906 செப்டெம்பரில் பேராதனைப் பூங்காவில் இறப்பர்க் கண்காட்சி நடந்தது. அதன் ஓரங்கமாகக் கலை, கைவினைக் காட்சியும் வைத்தார்கள். அதற்கான கைநூலை எழுதியவர் குமாரசுவாமி. 1821இல் தொடங்கிய அந்தப் பூங்கா, மகாவலியின் வளைவுக்குள் 147 ஏக்கரில் விரிந்திருக்கிறது. தேனிலவுக்குப் போகிற எல்லோரும் அங்கே இரட்டைத் தேங்காய் மரத்தடியில் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. உலகத்திலேயே பெரிய விதை அதனுடையது. 20 கிலோகிராம் வரை வரும். அதன் சொந்த ஊர் சீஷெல்ஸ் தீவுக்கூட்டத்தின் இரண்டு தீவுகள் மட்டும். அந்தத் தீவுகளின் கருங்கல்லும் கோண்டுவானாவிலிருந்து உடைந்து கடலில் தனித்து நின்ற துண்டுதான். பேராதனையில் நட்ட மரமும் அதைத் தாங்கும் பாறையும் பழைய உறவினர் என்று அங்கே நிற்கும் வழிகாட்டிகள் சொன்னால் நன்றாக இருக்கும்.

1906இல் லண்டன் பல்கலைக்கழகம் குமாரசுவாமிக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1907இல் தம்பதி இங்கிலாந்து திரும்பினார்கள். கண்டியில் சேர்த்ததைத் தம் வீட்டிலேயே அச்சிட்டு நூலாக்கினார்கள். மொத்தம் 425 படிகள். அதன் பிறகு மணவாழ்க்கை நீடிக்கவில்லை. 1913 அளவில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். எதல் மறுமணம் செய்து எதல் மைரே ஆனார். சசெக்ஸின் டிச்லிங் கிராமத்தில் நெசவுக்கூடம் வைத்தார். தாவரச் சாயங்களைப் பற்றி அவர் 1916இல் எழுதிய நூலைச் சாயத் தொழிலில் ஈடுபட்டவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். தொழில் வடிவமைப்புக்கான பிரித்தானியாவின் உயர்ந்த விருதை 1937இல் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவர். இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கைத்தறிக்குத் தாய் என்று மதிக்கப்படும் அந்தப் பெண்ணின் கண், கண்டிக் கிராமங்களில் பயின்ற கண்.

ஆனந்த குமாரசுவாமியைப் பற்றி நாம் எழுதும்போது எதல் ஒரு வரியில் வந்து போகிறார். ‘முதல் மனைவி’ என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறோம். படங்கள் இல்லாமல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூல் இல்லை. அந்தப் படங்கள் அவர் எடுத்தவை. நம் பாடநூல்களும் மலர்களும் இந்தக் கடனைத் தீர்க்க வேண்டும்.

கண்டிக்குப் போகும் புதுத் தம்பதியருக்கு ஒரு வார்த்தை. பயண நிரலில் ஒரு நாளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். போகும் வழியில் கடுகண்ணாவயில் இறங்கி, பட்டை மடிந்த பாறையைக் கிட்ட நின்று பாருங்கள். கண்டியிலிருந்து தெல்தெனியப் பேருந்தில் ஏறினால் குண்டசாலையும் திகனவும் வழியிலேயே வரும். ஹேனவலவில் பாய் நெய்கிறவர்களின் வீட்டுக்கே போய், சாயம் எந்த மரத்தில் எடுத்தது, எந்த இலை சேர்த்தது என்று கேளுங்கள். இன்று பலர் இரசாயனச் சாயத்துக்கு மாறியிருக்கிறார்கள். மரச்சாயப் பாய் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர் இருந்தால்தான் அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகும். விலை பேசிக் குறைக்காதீர்கள். ஒரு பாய்க்குப் பின்னால் இலை வழித்து, நார் பிரித்து, சாயம் ஏற்றிய பல நாள் உழைப்பு இருக்கிறது.